எத்தனை தடவை பால் ஊறியது?

எங்கள் அக்கா அவர்கள் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அக்காவின் ஆராய்ச்சியைப் பற்றி இந்த நினைவு மலரில் படித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தப்பாக எழுதிவிடுவேனோ என்று பத்து நாளாகப் பயந்து, கடைசியில் எனக்கு மட்டும் தெரிந்ததையாவது எழுதுவோம் என்று உட்கார்ந்தேன்.

அக்கா பிறந்தது கொல்லிமலை வாழவந்தி நாட்டில். அப்போது மலைக்கு ரோடு கிடையாது. அப்பா மிளகு மூட்டையைத் தலையில் வைத்து அடிவாரச் சந்தைக்கு இறங்குவார். அவர் பின்னாலேயே இறங்கிப் போய், அத்தை வீட்டில் தங்கிப் படித்தவர் அக்கா. அம்மா நோயில் விழுந்ததும் நான் பள்ளியை விட்டேன். அக்காவை விட விடவில்லை அப்பா. நர்சுப் படிப்பு முடித்து, சென்னையில் ஒரு டாக்டரம்மாவிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். பிரசவத்தில் தாய்மாரும் பிறந்த குழந்தைகளும் ஏன் இறக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதும் வேலை.

அறுபதுகளின் தொடக்கத்தில் அந்த வேலையாகவே நோட்டும் பென்சிலுமாக மலைக்கு வந்து, என் வீட்டில் தங்கினார். நான் அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி.

"எத்தனை குழந்தைங்க பெத்தீங்க? எத்தனை தவறுச்சுங்க?" என்று போகிற இடமெல்லாம் கேட்டார். ஒரு வீட்டிலும் தவறியதாகச் சொல்லவில்லை. பதினைந்தாம் நாள் நோட்டை மூடிவைத்துச் சிரித்தார்.

"இந்த நோட்டுப்படி நம்ம மலையில ஒரு குழந்தையும் செத்ததே இல்லை கண்ணு. அப்புறம் எதுக்கு நான் முழங்கால் தேய மலையேறி வந்தேன்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேர் வைக்கும் முன்னே போன குழந்தையைப் பற்றி எங்கள் பக்கம் வாய் திறப்பதில்லை. சொன்னால் அடுத்ததையும் கூப்பிட்டுக்கொள்ளும் என்று பயம். என்னிடமும் அக்கா கேட்டிருந்தார். "இதுதாங்க்கா தலைச்சன்" என்றேன். பொய். அவர் சென்னையில் இருந்தபோது எனக்கு ஒன்று பிறந்து, ஏழாம் நாள் மாரைப் பிடிக்காமல், தாடை இறுகி, விறைத்துப் போய்விட்டது. அக்காவுக்கு யாரும் கடிதம் போடவில்லை.

சொன்னாலும் பயம், சொல்லாவிட்டாலும் பயம். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் ராகி புடைத்துக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்: "எனக்கு முந்தியே ஒருக்கா பால் ஊறுச்சுங்க்கா. குடிக்க ஆளில்லை. ஆமணக்கு எலையில பீச்சி வேலியோரம் ஊத்துனேன்."

அக்கா பென்சிலைக் கீழே வைத்தார்.

"எத்தனாவது நாள் சாமி?"

"ஏழு."

"தொப்புள்கொடியை எதுல அறுத்தாங்க?"

"கதிர் அறுக்கற அருவாள்ல. மேல சாணி வெச்சாங்க."

என் முறத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, என்னைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "அடி பைத்தியக்காரி, நீ சொல்றதுனால ஒண்ணும் கூப்புடாது. அருவாள்லயும் சாணியிலயும் இருந்த கிருமிதான் கூப்புட்டுது. இந்தத் தடவை கிருமியை வேக வெச்சுருவோம், இரு."

மறுநாளிலிருந்து அக்கா கேள்வியை மாற்றினார். "உங்களுக்கு எத்தனை தடவைங்க பால் ஊறுச்சு?"

எங்கள் ஊர் மருத்துவச்சி கேலி செய்தார். "ஏனுங்க, கல்யாணமே ஆவாத புள்ளைக்குப் பாலைப் பத்தி என்னங்க தெரியும்?"

"தெரியாததுனாலதானுங்க கேக்கறேன். உங்களுக்கு எத்தனைங்க?"

"அஞ்சு" என்றவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அவருக்கு இருந்தது இரண்டு பேர்.

என் பிரசவத்துக்கு அவரேதான் வந்தார். புது பிளேடும் நூலும் சட்டியில் கொதிப்பதைப் பார்த்து, "இதென்னுங்க, பிளேடுக் கொழம்பா?" என்றார். ஆனாலும் அக்கா சொன்னபடி கை கழுவினார், அந்த பிளேடால்தான் அறுத்தார். சாணி வைக்கவில்லை. பெண் பிறந்தாள்.

அக்காவோடு ஆராய்ச்சிக்கு வந்தவர்கள் வேலை முடிந்து மலை இறங்கிப் போய்விட்டார்கள், அக்கா போகவில்லை. ஏழாம் நாள் முழுக்க, "மாரைப் புடிக்கறாளா பாருங்க்கா" என்று அவரைப் பிடுங்கி எடுத்தேன்.

"உன்னையே தின்னுருவா போல இருக்குது. பேசாம படு" என்றார்.

எட்டாம் நாள் காலை பாலுக்கு ஊரே கேட்கும்படி அழுதாள். அன்றைக்குத்தான் எனக்குப் பசித்தது.

அந்தக் கேள்வியை அக்கா பிறகு எத்தனையோ தேசங்களுக்குக் கொண்டுபோனார். பாஷை புரியாத ஊர்களிலும் தாய்மார் அதற்குப் பதில் சொன்னார்களாம். கடைசி மாதங்களில், அன்று பிறந்த என் மகள்தான் அக்காவைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். படுக்கையில் இழுத்துக்கொண்டு கிடப்பாரோ என்று நான் பயந்தேன். அப்படி ஒன்றும் ஆகவில்லை. மதியம் கஞ்சி குடித்து, "உப்புக் கம்மி" என்று சொல்லிக் கண்ணயர்ந்தவர்தான். அந்த நிம்மதி எனக்கு இன்றும் இருக்கிறது.

அக்காவைத் தூக்கி உட்காரவைத்துப் பணிவிடை செய்த அக்கம்பக்கத்தாருக்கும், மலைமேல் செம்மேட்டில் பஸ் கிடைக்காமல் நடந்தே வந்து சேர்ந்த உறவினருக்கும், என் சார்பிலும் என் பிள்ளைகள் ஐந்து பேர் சார்பிலும் நன்றி சொல்கிறேன்.

நான்கு பேரைத்தானே பார்த்திருக்கிறோம் என்பீர்கள். எனக்கு ஐந்து தடவை பால் ஊறியது. சொல்ல இப்போது பயமில்லை.

இப்படிக்கு,
தங்கை