சாம்பிராணித் தட்டில் ஊற்றிய பூ எண்ணெய்

மருமகள் குழந்தையின் அறைக்கென்று ஒரு சிறு புட்டி லாவெண்டர் எண்ணெயும், அதை ஆவியாக்கி விடும் ஒரு மின்கருவியும் வாங்கி வந்திருக்கிறாள். புட்டியின் மேலிருந்த பொடி எழுத்து முழுவதையும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். அப்படியே தோலில் தடவக் கூடாது, விழுங்கக் கூடாது, தீயருகே வைக்கக் கூடாது, பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது.

"எத்தனை சொட்டு விடுவம்மா?"

"ரெண்டே சொட்டு மாமா."

"பிள்ளை உள்ள இருக்கும்போதா?"

"பூவில எடுத்த எண்ணெய் மாமா. பாம்பு விஷமா இது?" என்று சிரித்தாள்.

அவள் மூன்று முறை சன்னலை மூடினாள். நான் நான்கு முறை திறந்தேன்.

என் பயத்துக்குக் காரணம் உண்டு. அப்போது எனக்கு ஆறு வயது. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வீடு. தங்கை பிறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அப்பாவின் தங்கையான அத்தை அடுத்த தெருவில் இருந்தாள். கல்யாணமாகி எட்டு வருடம், பிள்ளை இல்லை. தங்கையைக் குளிப்பாட்டும் பொறுப்பை யாரும் கொடுக்காமலே எடுத்துக்கொண்டிருந்தாள். அத்தையின் கணவருக்குத் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் வேலை. கப்பல் சமையற்காரர் ஒருவர் அவருக்கு விரல் நீளப் புட்டி ஒன்றைக் கொடுத்திருந்தார். ஏதோ தீவுப் பூவின் எண்ணெயாம். மாமா ஒரு சொட்டைச் சட்டைக் காலரில் விட்டுக்கொண்டு ஒரு வாரம் மணத்தார். மிச்சம் அத்தைக்கு வந்தது.

குளித்த பிள்ளைக்குக் கடற்காற்று ஆகாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சன்னலை அடைத்து, கதவின் அடியில் சாக்கைத் திணித்து, சேலைத் தொட்டிலுக்குக் கீழே சாம்பிராணித் தட்டை வைப்பார்கள். அன்று சாம்பிராணி தீர்ந்துபோயிருந்தது. தட்டில் கங்கு மட்டும் கனன்றது. அத்தை இடுப்பிலிருந்து புட்டியை எடுத்தாள்.

"இன்னைக்கு எம் மருமவ ராணி மாதிரி மணக்கப் போறா, பாருலே."

சொட்டுகளை எண்ணினேன். இரண்டு வரை எண்ண முடிந்தது. அதன்பின் புட்டி மடமடவென்று கொட்டிவிட்டது. கங்கு சீறியது, ஒரு சாண் உயரத்துக்குத் தீ எழும்பி அடங்கியது. பிறகு வெள்ளைப் புகை. முதலில் இனித்த வாசம் அடுத்த மூச்சில் தொண்டையைப் பிடித்தது. தங்கை வீரிட்டாள், இருமினாள். அத்தை தொட்டிலை வேகமாக ஆட்டினாள். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது.

"பாத்தியா, மணத்துக்கே தூங்கிட்டா" என்று என்னை வெளியே தள்ளி, தானும் வந்து கதவைச் சாத்தி, அடியில் சாக்கை மறுபடி திணித்தாள்.

பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா மூக்கைச் சுளித்தபடி வந்தாள்.

"என்னளா இது, தெருவே மணக்குது?"

"பிள்ளைக்குத்தான் மதினி. நல்லாத் தூங்கிட்டா."

அம்மா கதவில் காதை வைத்தாள். மறுகணம் தோளால் கதவை இடித்தாள். அடியில் திணித்த சாக்கு கதவை இறுக்கிப் பிடித்திருந்தது. மூன்றாவது இடியில் திறந்தது. புகைக்குள் போனவள் தங்கையோடு தெருவுக்கு ஓடினாள். பிள்ளையின் தலை ஈரத் துணிபோலத் தொங்கியது. உதடு கருநீலமாக இருந்தது.

எதிர்வீட்டுப் பெரியம்மா வசம்பை உரசி எடுத்து ஓடி வந்தாள்.

"வாயில ஒண்ணும் வைக்காதிய! தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்!" என்று அம்மா கத்தினாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

நான் தங்கையின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து வரை எண்ணினேன். அசையவில்லை. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். அம்மா பிள்ளையைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி, உள்ளங்காலைத் தேய்த்தாள். ஒரு சின்ன இருமல் வந்தது. பிறகு பூனைக்குட்டி போல ஒரு அழுகை.

ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் சாயங்காலம் வரை வைத்திருந்து பார்த்துவிட்டுத் திட்டினார். "பூவுல எடுத்ததுன்னா பச்சைப் பிள்ளைக்கு ஆகுமா? இந்த வயசுக்குச் சொட்டும் வேண்டாம், புகையும் வேண்டாம். காத்தை அடைக்காதீங்க."

திரும்பி வந்தபோது எதிர்வீட்டுப் பெரியம்மா எல்லாருக்கும் கேட்கும்படிச் சொன்னாள்.

"பெத்தவளுக்குல்லா பிள்ளை அருமை தெரியும். கண்டவ கையில குடுத்தா இப்படித்தான்."

சுவரோரம் நின்ற அத்தை செருப்பைக்கூடப் போடாமல் வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு அந்தப் பேச்சில் தப்பு தெரியவில்லை. சரியாகத்தான் சொல்கிறாள் என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் காலை அத்தை வரவில்லை. அம்மா என்னை அனுப்பி அழைத்துவரச் சொன்னாள். அத்தை வந்தபோது தெருவாசலில் மணை போட்டிருந்தது, பக்கத்தில் வெந்நீர்ப் பானை தயாராக இருந்தது.

"காலை நீட்டி உக்காருளா. வெந்நி ஆறுது."

"வேண்டாம் மதினி. எங்கையப் பாத்தா எனக்கே பயமா இருக்கு."

"உக்காருன்னு சொன்னேன்லா."

அத்தை உட்கார்ந்து காலை நீட்டினாள். அம்மா தங்கையை அந்தக் கால்களின் மேல் கிடத்திவிட்டுச் செம்பை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். எதிர்வீட்டுப் பெரியம்மா கோலமாவுக் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். அத்தை முதல் தண்ணீரைத் தன் காலில் ஊற்றிச் சூடு பார்த்தாள்.

எப்போதும் பின்கட்டில் குளிக்கிற பிள்ளையை அன்று தெரு பார்க்கக் குளிப்பாட்டியது ஏன் என்று நான் யோசிக்கவில்லை. ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் மறந்துவிட்டாளே என்று அம்மாவின் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.