மூத்த மாப்பிள்ளை சுற்றிய பூசணிக்காய்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று தேடியவர்களுக்கு ஒரு வார்த்தை. மாவுக்கட்டுப் போட்ட காலை ஸ்டூல் மேல் தூக்கி வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். வலது கணுக்கால். எலும்பில் கீறல். விழுப்புரத்தில் பாதிப் பேர் விசாரித்துவிட்டார்கள். 'பாத்ரூமில் வழுக்கிவிட்டது' என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

பொய். உண்மையான காரணம் வயிற்றெரிச்சல்!

என் மாமனார் வீடு திண்டிவனத்தில். அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவளைக் கட்டியவன் நான். இளையவள் செல்வியைக் கட்டியவன் ஏழுமலை — லாரி டிரைவர். அந்த வீட்டில் எனக்கென்று ஒரு மவுசு உண்டு. எழுதுகிறவன் என்பதற்காக அல்ல. என் மாமனார் என் பத்தியில் ஒரு வரிகூடப் படித்ததில்லை. நான் டெல்லிக்குப் போய்வந்தவன்... அதுதான் காரணம்.

கல்யாணமான புதிதில் ஆபீஸ் வேலையாக ஒரே ஒரு தடவை போனேன். அந்த ஒரு பயணத்தை வைத்து எத்தனை பொங்கல், எத்தனை தீபாவளி ஓட்டியிருக்கிறேன் தெரியுமா? டெல்லிக் குளிர், செங்கோட்டை, மண் குவளையில் டீ. மாமனார் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல வாயைப் பிளப்பார். "எங்க டெல்லி மாப்ள" என்றுதான் வருகிறவர்களிடம் அறிமுகம் செய்வார். பந்தியில் முதல் இலை எனக்கு. ஏழுமலைக்கு ரெண்டாவது. அவனும் சந்தோஷமாக உட்கார்ந்து சாப்பிடுவான்.

இந்த நேரத்தில்தான் அந்த ஆம்புலன்ஸ் வந்தது.

கண்டமங்கலம் பக்கத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி. பிரசவ வலி வந்தால் மாட்டு வண்டிதான் என்கிற கிராமங்களுக்கு அதுதான் கதி. அங்கே இருக்கும் டாக்டரம்மாவுக்கு ஜெர்மனியில் யாரோ ஒரு ஊர்க்காரர்கள் தங்களுடைய பழைய ஆம்புலன்ஸைத் தானமாகக் கொடுத்தார்கள். கப்பலில் ஏற்றினால் செலவு கட்டுப்படியாகாது. ஓட்டியே கொண்டுவந்துவிடலாம் என்று அந்த ஊர்க் கணவன் மனைவி இரண்டு பேர் கிளம்பினார்கள். கூட மாற்றி மாற்றி ஓட்ட ஒரு நல்ல டிரைவர் வேண்டும், ஹிந்தியும் தெரிந்திருந்தால் நல்லது என்று டாக்டரம்மா தேடினார்.

கிடைத்தவன் யார்? பஞ்சாப் வரைக்கும் லோடு அடித்த நம்ம ஏழுமலை!

பிளேனில் போனான். பிளேனில்! நான் மீனம்பாக்கத்தில் வேலிக்கு வெளியே நின்று பிளேனைப் பார்த்ததோடு சரி.

அப்புறம் என்ன... துருக்கியிலிருந்து ஒரு கலர் போஸ்ட் கார்டு. ஈரானிலிருந்து ஒன்று. அமிர்தசரஸிலிருந்து மாமனார் தெரு மளிகைக் கடைக்கு டிரங்க் கால். மாமனார் அந்தக் கார்டுகளைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு முழுக்கக் காட்டினார். நான் மெதுவாக, "டெல்லியில்கூட இப்படித்தான் மாமா..." என்று ஆரம்பித்தேன்.

"டெல்லியா? அங்க ஏழுமலை டீ குடிக்க நிறுத்துவாரு மாப்ளே!"

முடிந்தது என் டெல்லி.

என் மனைவி வேறு. "ஏங்க, கொசுக்கடியப் பத்தி ரெண்டு வாரம் எழுதினீங்க. தங்கச்சி வீட்டுக்காரரப் பத்தி நாலு வரி எழுதக் கூடாதா?"

"பார்க்கலாம்" என்றேன். நான் 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை வண்டி திண்டிவனம் வந்து சேர்ந்தது. வெள்ளைக்காரத் தம்பதி டாக்டரம்மாவோடு காரில் முன்னால் போய்விட்டார்கள். ஆஸ்பத்திரியில் வரவேற்பு, மேளம், மாலை எல்லாம் ஏற்பாடு. ஏழுமலை மட்டும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போக மாமனார் வீட்டு வாசலில் நிறுத்தினான். தெருவே கூடிவிட்டது. கறுத்து, இளைத்து, தாடியோடு இறங்கினான். பார்த்ததும் எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. வாயைத் திறக்கிற வரைக்கும்.

"துருக்கி பார்டர்ல புடிச்சி வெச்சிக்கினாங்கண்ணா. செம பேஜாரு. பேப்பர் சரியில்லன்றான், அவன் பேசறது நமக்குப் புரியல. செல்வி கட்டிக் குடுத்த மல்லாட்டை உருண்டை ரெண்டு மீதி இருந்திச்சி. எடுத்துக் குடுத்தேன். மென்னுக்கினே இருந்தான், மென்னுக்கினே இருந்தான்... அப்புறம் 'டப்'புனு முத்திரை குத்திட்டான்!"

வேர்க்கடலை உருண்டைக்கு ஒரு முத்திரை! கூட்டம் சிரித்தது. அய்யா, வாசகர்களே, நீங்களே நியாயம் சொல்லுங்கள். இது மட்டும் எனக்கு நடந்திருந்தால் நாலு வாரம் எழுதியிருப்பேன்! நடந்தது யாருக்கு? ஒரு போஸ்ட் கார்டில் ரெண்டு வரிக்கு மேல் எழுதாத ஆளுக்கு.

சாப்பாடு ஆரம்பித்தது. மாமனார் தன் கையாலேயே முதல் இலையைப் போட்டார். நான் பழக்க தோஷத்தில் குனிந்து உட்காரப் போனேன்.

"மாப்ளே, இன்னிக்கு ஒரு நாளு ஏழுமலை உக்காரட்டும். நீங்க அடுத்ததுல உக்காருங்க."

உட்கார்ந்தேன். அன்றைக்குச் சாம்பாரில் உப்பு இருந்ததா என்றுகூடத் தெரியாது. ஏழுமலை பாவம், நெளிந்துகொண்டே, "அண்ணா, நீங்க இங்க வந்துடுங்கண்ணா" என்றான். அதுதான் இன்னும் எரிந்தது.

கிளம்புகிற நேரம். என்னைச் சமாதானம் செய்ய நினைத்தாரோ என்னவோ, மாமனார் ஒரு பெரிய பூசணிக்காயைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "இவ்ளோ தூரம் வந்திருக்குது. எத்தினி பேரு கண்ணு பட்டுதோ! திருஷ்டி கழிக்கணும். மூத்த மாப்ளதான் சுத்தணும்."

சிரிக்காதீர்கள். அந்தத் தெருவிலேயே அந்த வண்டி மேல் அதிகமாகப் பட்ட கண் எது என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரன் கையில்தான் கற்பூரம் எரிகிறது!

சுற்றினேன். மாமியார் பக்கத்தில் நின்று, "ஊரு கண்ணு, உறவு கண்ணு, எல்லாம் போவட்டும்" என்றார். 'உறவு' வந்த இடத்தில் நான் கற்பூரத்தை மட்டும் பார்த்துக்கொண்டேன். செல்வி சும்மா இருந்தாளா?

"நல்லா சுத்துங்க மாமா! எவன் வயிறெரிஞ்சானோ!"

உள்ளே இருந்த ஆத்திரம் முழுவதையும் சேர்த்து வண்டிக்கு முன்னால் ஓங்கி அடித்தேன். பூசணிக்காய் நாலாபக்கமும் தெறித்தது. இதுவரை யாரும் அப்படி உடைத்ததில்லை என்று பாராட்டுகூடக் கிடைத்தது.

"மாப்ளே, காலால ஓரமா தள்ளிவுடுங்க. யாராச்சும் வழுக்கிடப் போறாங்க" என்றார் மாமியார்.

எனக்கு எங்கே நேரம்? என் கவலை முன் சீட்டு. வண்டி விழுப்புரம் வழியாகத்தான் போகிறது. எங்கள் ஊர்க் கடைத்தெருவில் வெளிநாட்டு ஆம்புலன்ஸின் முன் சீட்டில் நான் உட்கார்ந்து போகிறேன்... பார்க்கிறவர்கள் நானே கொண்டுவந்ததாக நினைத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பா? ஓடிப்போய் இடது பக்கக் கதவைத் திறந்தேன்.

உள்ளே ஏழுமலை. கையில் ஸ்டியரிங்.

"இது ஜெர்மன் வண்டிண்ணா, ஸ்டியரிங் இந்தப் பக்கம். நீங்க அந்தாண்ட வாங்க."

தெருவே பார்த்துக்கொண்டிருக்கிறது. முகத்தில் அசடு வழிய, அதே வேகத்தில் வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி வலது பக்கம் ஓடினேன். நான் உடைத்த பூசணிக்காய். நான் தள்ளாத பூசணிக்காய். நானே வைத்தேன் காலை.

வானம் தெரிந்தது. அப்புறம் என் மனைவியின் முகம். காலை அசைக்க முடியவில்லை. யாரோ ரிக்‌ஷா கூப்பிட ஓடினார்கள். மாமனார் தடுத்தார்.

"அட, ஆஸ்பத்திரி வண்டியே வாசல்ல நிக்குது, ரிக்‌ஷா எதுக்கு? ஜல்தியா ஏத்துங்க!"

ஸ்ட்ரெச்சரில் கிடத்தி, பின்னால் ஏற்றினார்கள். ஏழுமலை சைரனைப் போட்டான். விழுப்புரம் கடைத்தெருவில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். ஆனால் பின்பக்கம் கண்ணாடியில் பால் வெள்ளைப் பெயின்ட். நான் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை!

ஆஸ்பத்திரி வாசலில் மேளம் கொட்டியது. கதவைத் திறந்தார்கள். உள்ளே நான். கூட்டம் ஒரு நிமிஷம் அப்படியே நின்றது. அப்புறம் யாரோ கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். வண்டிக்கென்று வைத்திருந்த மாலையை ஒரு பெரியவர் குழப்பத்தில் என் கழுத்தில் போட்டுவிட்டார். டாக்டரம்மா மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு காலைத் தொட்டுப் பார்த்தார்.

கட்டுப் போட்டு முடித்ததும் ஏழுமலை வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அண்ணா, பின்னாடி எப்படி இருந்திச்சி? படுக்க நல்லா இருந்திச்சா? ஆடிச்சா?"

"தொட்டில் மாதிரி இருந்தது. ஏன், நீ படுத்ததில்லையா?"

"எங்கண்ணா! வழி முச்சூடும் பின்னாடி மருந்துப் பெட்டி. மெட்ராஸ்லதான எறக்கினோம். நான் உக்காந்துக்கினே தூங்கினேன், இல்லன்னா வண்டிக்கு அடியில. அந்த மெத்தைய டெய்லி பாப்பேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு படுக்கணும்னு ஆசை." பெருமூச்சு விட்டான். "நீங்க குடுத்து வெச்சவருண்ணா."

அவன் கண்ணைப் பார்த்தேன். எனக்கு நன்றாகப் பழக்கமான பார்வை. முகம் பார்க்கிற கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

சத்தியமாகச் சொல்கிறேன்... பாதி வலி அங்கேயே போய்விட்டது!