வெடிக்குப் பயப்படாத நாய்

எங்கள் தெருவில் வெடிக்குப் பயப்படாத நாய் எங்களுடையது ஒன்றுதான். தீபாவளியன்று மற்ற நாய்களெல்லாம் கட்டிலுக்கடியில் போய் நடுங்கிக் கிடக்க, இவன் வெடிக்குப்பை மேலேயே சுருண்டு படுத்துத் தூங்குவான். "சிவகாசி நாய்னா இப்படில்லா இருக்கணும்" என்று என் வீட்டுக்காரர் மீசையைத் தடவிக்கொள்வார், என்னவோ இவரே பெற்று வளர்த்தது மாதிரி. எனக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன். பட்டாசுக் கம்பெனியில் பெட்டி ஒட்டுகிறவள் வளர்க்கிற நாய் பின்னே எப்படி இருக்கும்?

வளர்ப்பென்றால் பெரிய வளர்ப்பு இல்லை. ரேஷன் அரிசிச் சோறு, கறிக்கடையில் சும்மா கொடுக்கிற கோழிக்கால். சீசன் முடிந்து வேலை குறைகிற மாதங்களில் எங்கள் தட்டில் கறி இருக்காது, அவன் தட்டில் இருக்கும்.

ஆனால் சொல்பேச்சுக் கேட்க மாட்டான். அதுதான் என் வயிற்றெரிச்சல். கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். காலையில் எங்களை வேலைக்கு ஏற்றிப்போகிற கம்பெனி வேன் வருகிற நேரம் பார்த்து நடுரோட்டில் படுத்துக்கொள்வான். டிரைவர் ஹாரனை அடி அடியென்று அடிப்பார். "அக்கா, உங்க நாய்க்கு இம்புட்டுத் திமிரு ஆகாது. ஒருநா டயருக்குள்ள போயிரும், என்னையச் சொல்லாதீக" என்பார். எனக்கு மானம் போகும். விளக்குமாற்றால் நாலு வைப்பேன். அடி விழுந்த பிறகுதான் எழுந்து, ஒன்றும் புரியாத முகத்தோடு பார்ப்பான். "நடிக்கியா?" என்று இன்னும் ஒன்று வைப்பேன்.

போன கார்த்திகையில் அவன் தலையை உதறிக்கொண்டே இருந்தான். காதில் நாற்றம். மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டுப் பார்த்தேன், ஆகவில்லை. ஆட்டோ வைக்கக் கட்டுப்படியாகாது. அரசு மாட்டாஸ்பத்திரிக்கு நடத்தியே கூட்டிப்போனேன். டாக்டர் காதுக்குள் லைட் அடித்துப் பார்த்தார். பிறகு அவனுக்குப் பின்னால் போய் ஒரு தகரத் தட்டைத் தரையில் போட்டார். வாசலில் கட்டியிருந்த ஆடுகள் துள்ளின. நான் துள்ளினேன். இவன் அசையவில்லை.

"என்னம்மா, காது கேக்கலயே. குட்டியிலருந்தே புண்ணு அடைச்சுக் கெடக்கு போல. நீங்க கவனிக்கலயா?"

"வெடிக்கே பயப்பட மாட்டான் சார்" என்றேன் பெருமையாக. சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

காதைச் சுத்தம் செய்து விட்டார். சொட்டு மருந்தை வெளியே வாங்கி மூன்று வாரம் விட வேண்டும், கேட்டாலும் கேட்கும், கேட்காமலும் போகும் என்றார். வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"காது வந்து என்ன செய்யப் போறான்? நம்மூருல வருசம் பூரா வெடிச் சத்தம். செவிடாவே நிம்மதியா இருந்துட்டுப் போறான், விடு."

அது தப்பாகவும் படவில்லை, சரியாகவும் படவில்லை. அப்படியே விட்டால் வேனில் அடிபடுவான். காது வந்தால் தினமும் நடுங்குவான். எது அவனுக்கு நல்லது? இல்லை, நான் அடித்த அடிக்குத்தான் மருந்து தேடுகிறேனா? இரண்டு நாள் மண்டை குழம்பியது. கடைசியில் இருக்கன்குடி ஆத்தாளுக்கு முடிந்து வைத்திருந்த காசை மருந்துக்காக அவிழ்த்துவிட்டேன். அவள் கோபித்துக்கொள்வாளா, தெரியவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு காலை. தெருமுனையில் ஹாரன் கேட்டது. ரோட்டில் படுத்திருந்தவன் சடாரென்று எழுந்து ஓரத்துக்கு ஓடினான். டிரைவர் வாயைப் பிளந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. "வாடா என் ராசா!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

அவன் வாலை இடுக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிக் கட்டிலுக்கடியில் புகுந்தான். குனிந்து கூப்பிட்டேன். இன்னும் உள்ளே போனான். திரும்பவும் கூப்பிட்டேன். நடுங்கினான். மூன்று வருசம் சோறு போட்டவளின் குரலை அவன் கேட்டதே இல்லை. அவனுக்கு அது இன்னொரு வெடி.

வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் நீட்டினேன். சோறு வைத்ததும் அந்தக் கைதான், அடித்ததும் அதுதான். எது நினைவுக்கு வந்ததோ, சுவரோடு ஒட்டிக்கொண்டான். வெளியே வேன் கிளம்பிப் போனது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாய்விட்டு அழ வேண்டும்போல் இருந்தது. அதுவும் அவனுக்குச் சத்தம்தானே என்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.