கைப்பிடி பெருத்த மட்டை

கால் கொஞ்சம் தள்ளாடுகிறது என்று மகள் எனக்கு ஒரு கைத்தடி வாங்கிவந்தாள். வழுக்காமலிருக்கக் கைப்பிடியில் கறுப்பு ரப்பர் தடிமனாகச் சுற்றியிருந்தது. பிடித்துப் பார்த்தேன். விரல்நுனிகள் உள்ளங்கையைத் தொடவில்லை. "இது பெருத்துப்போச்சும்மா, வலப்பக்கம்தான் போகும்" என்றேன். அவள் பார்த்த பார்வையில், காலுக்கு மட்டுமல்ல, தலைக்கும் சேர்த்தே வைத்தியம் பார்த்துவிடலாம் என்ற யோசனை தெரிந்தது. அவளைக் குறை சொல்ல முடியாது. நான் சொன்னது ஊன்றி நடக்கிற தடியைப் பற்றி அல்ல, பந்தடிக்கிற மட்டையைப் பற்றி. அந்த மட்டையை அவள் கண்டதில்லை. உங்களுக்காவது சொல்கிறேன்.

புது ரப்பரின் வாசனை எனக்கு எப்போதும் யுத்த காலத்தைத்தான் கொண்டுவரும். அப்போது ரப்பர் கிடைக்காது. இருந்ததெல்லாம் ராணுவ லாரிகளின் டயருக்குப் போய்விட்டது. சைக்கிள் டியூபுக்கு ஒட்டின்மேல் ஒட்டுப்போட்டு, கடைசியில் ஒட்டுகள்தான் டியூபாக இருந்தன. எங்கள் திருத்தணி அன்றைக்குச் சித்தூர் ஜில்லாவில் இருந்தது. தமிழில் ஆரம்பித்த சண்டையைத் தெலுங்கில் முடிப்பது எங்களுக்குச் சகஜம். நான் ரயில்வேயில் டைம்கீப்பர். தண்டவாள வேலைக்கு வரும் கேங் ஆட்களின் ஆஜர் எழுதுவது உத்தியோகம். சட்டைப்பையில் பவுண்டன் பேனா வைத்திருந்ததால் என்னை நானே ஒரு பெரிய அதிகாரியாக நினைத்துக்கொண்டிருந்தேன். பேனா ஒழுகி நெஞ்சில் எப்போதும் ஒரு நீலக்கறை இருக்கும். அதையும் பதவியின் அடையாளம் என்றே எடுத்துக்கொண்டேன்.

எங்களுக்கு மேலே ஒரு வெள்ளைக்கார எஞ்சினீயர். நாங்கள் துரை என்போம். சனிக்கிழமை தோறும் அரக்கோணத்திலிருந்து, தண்டவாளத்தின்மேல் ஓடுகிற மோட்டார் டிராலியில் வருவார். பாலத்தைப் பார்ப்பார், ஜல்லியை உதைத்துப் பார்ப்பார், வெயில் தாழ்ந்ததும் ரயில் லயனை ஒட்டி வறண்டு கிடந்த ஏரிக்குள் இறங்கிக் கோல்ஃப் ஆடுவார். தனியாகத்தான். எதிராளி இல்லாத ஆட்டத்தில் ஒருவர் எப்படித் தோற்கமுடியும் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. ஆனால் அவர் வாரா வாரம் தோற்றுக்கொண்டிருந்தார். அவர் ஓங்கி அடிக்கிற பந்து நேராகக் கிளம்பி, பாதி வழியில் ஏதோ ஞாபகம் வந்ததுபோல் வலப்பக்கம் வளைந்து, மங்கம்மாவின் வெள்ளரித் தோட்டத்தில் போய் விழும்.

மங்கம்மா கே.ஜி.கண்டிகைக்காரி. உணவுப் பயிர் பெருக்கவேண்டும் என்று சர்க்கார் சொல்லிக்கொண்டிருந்த காலமாகையால், லயன் ஓரத்து ரயில்வே நிலத்தைப் பயிரிடுகிறவர்களுக்குக் கொடுத்தார்கள். அவளுக்கு அளந்துவிட்டவன் நான்தான். வீட்டுக்காரன் போய்ச்சேர்ந்துவிட்டான். அந்தத் துண்டு நிலம்தான் அவளுக்கும் அவளுடைய மாமியாருக்கும் சோறு. பழுத்து வெடித்த வெள்ளரியின் வாசனை டிக்கெட் கொடுக்கிற ஜன்னல் வரைக்கும் வரும். அதை முகர்ந்துவிட்டு ரயிலை விட்டவர்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவன் நானே.

பந்து பொறுக்கப் போகிற வேலையும் எனக்கே வந்து சேர்ந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் கொடியை விலக்கி எடுத்துக் கொடுப்பாள். கூடவே ஒரு வார்த்தையும் கொடுப்பாள்.

"இன்னா நைனா, உங்க தொர வாரா வாரம் இங்கியே வந்து முட்ட உட்டுகினு கீறாரு. அடைக்கு வெச்சா தொரக் குஞ்சு பொரிக்குமா?"

இதைத் துரைக்கு மொழிபெயர்க்கிற தைரியம் எனக்கு இல்லை. "நமஸ்காரம் சொல்லுகிறாள் சார்" என்றேன்.

சிரித்துக்கொண்டிருந்த விஷயம் ஒரு சனிக்கிழமை வினையாகத் திரும்பியது. கொடி அடர்ந்துவிட்டதால் இரண்டு பந்துகள் கிடைக்கவில்லை. கிடைத்த ஒன்று கல்லில் பட்டுப் பிளந்திருந்தது. புதுப்பந்து எந்தக் கப்பலிலும் வராது. துரை டிராலியில் ஏறும்போது, அந்தத் தோட்டம் இடைஞ்சலாக இருக்கிறது, நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று நோட்டீஸ் எழுதி வை, அடுத்த வாரம் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சுரைக்காய் நறுக்குகிற மாதிரி சொன்னார். காய்ப்பு முழுக்கக் கொடியில் இருந்தது.

மங்கம்மாவிடம் விஷயத்தை நான்தான் சொன்னேன். அன்றைக்கு அவள் வாயில் கேலி வரவில்லை. பிளந்த பந்தை என் கையில் வைத்து, "பந்து வந்து எங்கொடில உழுதா, எங்கொடி போய் பந்துல உழுதா, நைனா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்வி என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. உண்மையிலேயே, பந்து ஏன் அங்கேயே போகிறது? போன வருஷம் அதே துரை, அதே ஏரி. பந்து ஒழுங்காகத்தான் போனது. காற்றா? காற்று ஒருநாள் மேற்கே அடிக்கும், ஒருநாள் கிழக்கே அடிக்கும். பந்தா? எல்லாப் பந்தும் அப்படியே போகிறது. துரையின் மட்டைப் பை எங்கள் ஸ்டோர் அறையில்தான் கிடக்கும். மறுநாள் அவருடைய பெரிய மட்டையை எடுத்துக்கொண்டு, பிளந்த பந்தோடு ஏரியில் இறங்கினேன். துணைக்குக் காதர் பாய், டிராலி ஃபிட்டர்.

முதலில் கடப்பாரையைப் பிடிப்பதுபோல் இறுக்கிப் பிடித்து அடித்தேன். பந்து எலி மாதிரி நாலு அடி ஓடி நின்றது. இறுக்கினால் ஆகாது போலிருக்கிறது என்று அடுத்த தடவை லேசாகப் பிடித்தேன். இந்தத் தடவை பறந்தது, மட்டை. பந்து வைத்த இடத்தில் வைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. காதர் பாய் நான் நிற்கிற திசைக்கு நேர் பின்னால் போய் உட்கார்ந்து, அங்கேயும் நம்பிக்கையில்லாமல் ஒரு வேலமரத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார். கடைசியில் ஒருவாறு பந்து எழும்பியது. எழும்பி, என்னைப் போன்ற கற்றுக்குட்டி அடித்தும், துரை அடித்ததைப் போலவே வலப்பக்கம் வளைந்தது. பையிலிருந்து இன்னொரு பழைய மட்டையை எடுத்து அடித்தேன். வளையவில்லை. ஆக, குற்றவாளி துரையும் இல்லை, நானும் இல்லை. அந்த ஒரு மட்டைதான்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அன்று முழுக்க யோசித்தும் பிடிபடவில்லை. மறுநாள் கிணற்றடியில்தான் பிடிபட்டது. துண்டைப் பிழிந்தேன். இரண்டு கையும் ஒன்றின்மேல் ஒன்று உருண்டு சுலபமாக முறுக்கிக்கொண்டன. அடுத்து நனைந்த ஜமுக்காளம். அது கையில் அடங்கவில்லை. மணிக்கட்டு திரும்பவே மாட்டேன் என்றது. ஜமுக்காளத்தைப் போட்டது போட்டபடி ஸ்டோருக்கு ஓடி இரண்டு மட்டையையும் பிடித்துப் பார்த்தேன். வளைகிற மட்டையின் கைப்பிடி மட்டும் கையில் அடங்கவில்லை.

சித்திரை வெயிலில் துரைக்கு உள்ளங்கை கொப்பளித்து, மட்டையின் கைப்பிடித் தோலை மாற்றச் சொல்லிக் கொடுத்திருந்தார். பெரிய மனிதர், பெரிய கை, மெத்தென்று இருக்கட்டும் என்று காதர் பாய் தோலுக்கு அடியில் பொதட்டூர்பேட்டைத் தறிவீட்டுக் கழிவு நூலைப் பந்து பந்தாகச் சுற்றியிருந்தார். துரை தடவிப் பார்த்து, பிரமாதம் என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். கையும் கொப்பளிக்கவில்லை. ஆனால் அடிக்கிற கணத்தில் கை உருள இடமில்லை. மட்டையின் முகம் வலப்பக்கம் பார்த்தபடியே வந்து பந்தைச் சந்திக்கிறது. முகம் பார்த்த பக்கம்தான் பந்து போகும். அதே சமயத்தில் கொடியும் படர்ந்துவிட்டதால், எல்லோரும் தோட்டத்தைத்தான் சந்தேகப்பட்டோம்.

காதர் பாய் தாடியைச் சொறிந்தார். "தம்பி, தொர கையப் பத்தி நாம பேசினா வேல போயிடும். மட்டைய நாமதான் சுத்தினோம், நாமளே அவுக்கலாம்" என்றார். வெள்ளிக்கிழமை அவிழ்த்தோம். உள்ளேயிருந்து வந்த நூலில் ஒரு லுங்கியே நெய்திருக்கலாம். வெறும் தோலை ஒட்டச் சுற்றி வைத்தோம்.

சனிக்கிழமை துரை மட்டையைக் கையில் எடுத்ததும் நின்றுவிட்டார். யார் இதைத் தொட்டது என்றார். வெயிலில் தோல் சுருங்கிவிட்டது என்று சொல்ல ஒரு கதை தயாராக வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் கதை ஓடிவிட்டது. உண்மை, என்னுடைய ஓட்டை இங்கிலீஷில், ஜமுக்காளம் உட்பட, வெளியே வந்து விழுந்தது. இரண்டு கையாலும் பிழிந்துகூடக் காட்டினேன். நோட்டீஸ் என் பையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. வரப்பில் மங்கம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

துரை பந்தை வைத்தார். அடித்தார்.

பந்து வளையவில்லை. கோடு கிழித்த மாதிரி போனது. ஆனால் ஒன்றை நான் யோசிக்கவில்லை. வலப்பக்கமே போகிறதே என்று, மனிதர் இத்தனை மாதமாக உடம்பை இடப்பக்கம் திருப்பி நின்று பழகியிருந்தார். அவர் நின்ற திசைக்கு நேராகப் போன பந்து, லயன் ஓரத்தில் இறக்கி வைத்திருந்த அவருடைய டிராலியின் விளக்கைத் தாக்கியது. கண்ணாடி நொறுங்குகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. காதர் பாய் கண்ணை மூடிக்கொண்டார்.

துரை மட்டையைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார், பிறகு வெகுநேரம் தன் இடது கையைப் பார்த்தார். பெருவிரலைக் கொஞ்சம் நகர்த்தினார். அந்த முகத்தில் கோபத்தைக் காணோம். கிணற்றடியில் எனக்கு வந்த அதே ஆச்சரியம்தான் அதில் இருந்தது. என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த நோட்டீஸை அவரே உருவி, நாலாக மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். "தோட்டம் இருக்கட்டும். டிராலி தள்ளு."

மங்கம்மா மறுவாரமே மலையேறி முருகனுக்கு மொட்டை போட்டுக்கொண்டாள். நூலை அவிழ்த்தது நானும் காதர் பாயும், முடி போனது சாமிக்கு என்று குறைப்பட்டுக்கொண்டேன். "உனுக்கு ஜமுக்காளத்தக் கொடுத்ததாரு நைனா? அவருதான்" என்று, ஒரு வெள்ளரிப்பழத்தை என் பக்கம் உருட்டிவிட்டாள்.

சுதந்திரத்துக்குப் பிறகு துரை கப்பலேறினார். மங்கம்மா வெகுகாலம் அங்கே பயிர் வைத்தாள். பின்னால் இரண்டாவது தண்டவாளம் போட நிலம் வேண்டும் என்று ஒரு நோட்டீஸ் வந்தது. அதை எழுதியவர் எந்த ஊர்க்காரரோ, கையெழுத்துப் போட்டவர் யாரோ. யார் கையையும் எந்த மட்டையையும் குற்றம் சொல்ல வழியில்லாத நோட்டீஸ். காய்ப்பு முடிகிற வரைக்கும் பொறுத்து, கொடிகளைத் தானே பிடுங்கிச் சுருட்டி வரப்பில் வைத்துவிட்டுப் போனாளாம். இப்போது அந்த இடத்தில் எக்ஸ்பிரஸ் ரயில் நிற்பதுகூட இல்லை. வேகமாகக் கடந்துபோகிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து மூக்கை நீட்டினால் இரும்பும் தூசியும்தான் வருகிறது.