செங்கல் மேல் ஓடிய ஜாகுவார்

ஐம்பத்தெட்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள இன்று சென்னையில் ஒரு பயிற்சிக் காரில் போய் உட்கார்ந்தேன். வெயிலில் காய்ந்த சீட்டும் பெட்ரோலும் கலந்த வாடை என்னை நேரே கல்கத்தாவுக்கு, டாக்குரியா பகுதியில் நான் காகிமா என்று வங்காளியில் சித்தி முறை வைத்துக் கூப்பிட்ட பக்கத்து வீட்டுக்காரரின் தகரக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டது. இப்போது அங்கே அடுக்குமாடி நிற்கிறது.

காகிமாவின் கணவர் பந்தயத்தில் ஓட்டிய சிவப்பு ஜாகுவார் கார் அந்தக் கொட்டகையில் செங்கல் அடுக்கின் மேல் நின்றது. எஞ்சினுக்கு உயிர் இருந்தது. அந்த அளவு டயர்தான் ஊரில் எங்கும் கிடைக்கவில்லை. கணவர் இருந்தவரை சாவியைத் தொடவிட்டதில்லை. அவர் போன பிறகு, எழுபதுகளின் ஞாயிறுதோறும், காகிமா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வெறும் சக்கரங்கள் அந்தரத்தில் சுழல, தாமாகவே கியர் மாற்றப் பழகினார்; பக்கத்து சீட்டில் நான், காகிமாவின் கிளட்சுக்கு என் இடது காலால் தரையை மிதித்தபடி, காகிமா திருப்பும் வளைவுக்கெல்லாம் சாய்ந்தபடி.

"ஓடாத வண்டில வாராவாரம் எங்கடி போயிட்டு வரே?" என்பாள் அம்மா.

வண்டியை விற்றுவிடலாம் என்று வந்த கொழுந்தனிடம் காகிமா எஞ்சினை அணைக்காமலே சொன்னார்: "முதல்ல டயர் வாங்கிட்டு வா."

"முன்னாடி ஓட்டியிருக்கீங்களா, மேடம்?" என்று கேட்டார் பயிற்சியாளர்.

"நிறைய," என்று கிளட்சை மிதித்தேன். சாலைதான் எனக்குப் புதிது.