ஆரஞ்சு மிக்ஸி

போன ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் குழம்புக்குத் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தேன். மிக்ஸி திடீரென்று குரலை மாற்றியது. அடுத்த மூச்சில் கருகல் வாசனை. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர், "ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு" என்று கத்தினார். எழுந்து மட்டும் வரவில்லை. மகள் இருந்த இடத்திலிருந்தே போனை எடுத்து, "புதுசு போட்டுடவாம்மா? நாளைக்கே வந்துடும்" என்றாள். இந்தக் காலத்து வைத்தியம் அது. தும்மினால் மூக்கையே மாற்றிவிடுவார்கள்.

ஸ்விட்சை அணைத்துவிட்டு, ஜாரைத் தூக்கி வைத்துவிட்டு, குனிந்து முகர்ந்து பார்த்தேன். ரப்பர். வார்னிஷ் இல்லை. வார்னிஷ் என்றால்தான் பயப்பட வேண்டும், மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பி வேகிறது என்று அர்த்தம். ரப்பர் என்றால் ஜார் உட்காருகிற இடத்தில் இருக்கும் கறுப்புப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கப்ளர் என்பார்கள். சின்னச் செலவு. நியாயமாக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்குப் பழைய எரிச்சல் கிளம்பிவிட்டது. மோட்டார் போயிருந்தால்கூடத் தேவலை. இந்த ரப்பர் கருகும் வாசனை எனக்கு ஆகாது, இத்தனை வருஷம் கழித்தும் ஆகாது.

உங்களுக்கு எங்கள் பக்கம் பழக்கமோ என்னவோ, திருவொற்றியூரில் வளர்ந்தவர்களுக்கு மூக்குதான் முதல் அறிவு. காரமாகக் கண்ணைக் கரித்தால் காற்று மணலி ஆலைகளிலிருந்து வருகிறது. கருவாட்டு வாசனை என்றால் காசிமேட்டிலிருந்து. நிலக்கரி என்றால் எண்ணூர். துணி காயப்போடலாமா வேண்டாமா என்பதை அம்மா வாசலில் நின்று ஒருமுறை மூச்சிழுத்துத்தான் முடிவு செய்வாள். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் வந்தால் கர்ச்சீப்பை எடுத்துக்கொண்டு, "எப்படித்தான் இருக்கீங்களோ" என்பார்கள். சாப்பிடும்போது மட்டும் கர்ச்சீப் மடிக்குள் போய்விடும்.

அந்த மூக்குக்காரர்களில் பெரிய மூக்கு என் அப்பா. ஒரு தொழிற்சாலையில் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் பிரிவில் வேலை. ஆளை வைண்டிங் மணி என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் வரிசை வீட்டில் யாருடைய மிக்ஸி கெட்டாலும், ஃபேன் நின்றாலும் நேராக எங்கள் கூடத்துக்கு வந்துவிடும். அவருடன் வேலை செய்பவர்களும் கொண்டுவருவார்கள். கூலி எல்லாம் கிடையாது, அம்மாவின் டீத்தூள்தான் தீரும். ஜாரை எடுத்துவிட்டு வெறும் மோட்டாரை ஓட்டிப் பார்ப்பார். அப்போதும் வாசனை வந்தால் கோளாறு கீழே. வராவிட்டால் ஜாரின் அடியில் இருக்கும் தண்டை விரலால் சுற்றிப் பார்ப்பார். எங்கே இறுகுகிறது, எங்கே தேய்கிறது என்று விரலும் மூக்கும் சேர்ந்து பேசிக்கொள்ளும். நாங்கள் யாரும் அப்போது குறுக்கே பேசக்கூடாது. எனக்கு அது பெரிய சிரிப்பு. மிக்ஸிக்கு நாடி பார்க்கிறார் என்று தம்பியிடம் கிண்டல் செய்வேன்.

இரண்டாயிரம் பிறந்த சமயத்தில் அந்தத் தொழிற்சாலையைக் கதவடைத்துவிட்டார்கள். விருப்ப ஓய்வுத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்றது நிர்வாகம். பாதிக்கு மேல் போட்டுவிட்டால் மீதிப் பேருக்கும் கேட் திறக்காது. யாரும் போடாமல் இருந்தால் திறந்துதான் ஆகவேண்டும். கணக்கு அவ்வளவு எளிது. தொழிலாளர்கள் கேட்டுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அப்பாவுக்கு அங்கே எப்போதும் ஒரே இடம், தாசு மாமா பக்கத்தில்.

தாசு மாமா என்றால் அருள்தாஸ், ராயபுரத்துக்காரர், அப்பாவின் செக்‌ஷன். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இரண்டு பேரும் ஒரே டிபன் கேரியரில்தான் சாப்பிட்டார்கள். மேலடுக்கு அம்மா செய்தது, கீழடுக்கு லில்லி அத்தை செய்தது. மாமா சிரித்தால் தெருக்கோடி வரை கேட்கும்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு மிஷின்கள் எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டன. வெளியே இருந்தது பூட்டு மட்டும்தான். "பூட்டுக்கே பொட்டு வைங்கப்பா" என்றவர் தாசு மாமாதான். பூட்டுக்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, திருஷ்டிப் பூசணி உடைத்தார்கள். பிறகு தட்டில் எரிந்த கற்பூரத்தை ஒவ்வொருவராக உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார்கள்: ஒருத்தரும் கையெழுத்துப் போடுவதில்லை. மாமா முறை வந்ததும், "நீ சர்ச்சுக்குப் போற ஆளு, உனக்கு இன்னாத்துக்குடா?" என்று யாரோ கேட்டார்கள். "கற்பூரம் இன்னா ஜாதி கேட்டுகினா எரியுது?" என்று சொல்லி ஓங்கி அடித்தார் பாருங்கள், தட்டே எகிறிப் போனது. மாமாவுக்குக் கை கொப்பளித்துவிட்டது. அப்பா எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்து தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார்.

நான் அப்போது ராயபுரத்தில், துறைமுகத்து வேலைகள் பார்க்கும் ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தேன். வீடு என் சம்பளத்தில் ஓடியது. எனக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். அப்பாவுக்கு வேலை திரும்பக் கிடைக்கட்டும், பார்க்கலாம் என்று மாப்பிள்ளை வீட்டில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது பேப்பருக்குப் பின்னாலிருந்து கத்தினாரே, அவர் இல்லை; அது வேறு மாப்பிள்ளை. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. எண்ணெய் தடவிய கையை ஆட்டிக்கொண்டே தாசு மாமா என்னிடம் சொன்னார்: "பொறுத்துக்கோ பாப்பா. கேட்ட தொறந்துகினு உங்கப்பனும் நானும் உள்ள போவோம். உன் கல்யாணத்துக்கு இந்த தாசுதான் பந்தல் போடறான்." நான் பொறுத்துக்கொண்டேன். நம்பினேன் ஐயா, நம்பினேன்.

ஐப்பசி மழை விட்ட பிறகு முதல் ஆரஞ்சு மிக்ஸி வந்தது. அப்பாவுடன் பந்தலில் உட்காரும் ஏழுமலையின் மனைவி அதை முந்தானையில் மூடிக் கொண்டுவந்தாள். புத்தம் புதுசு, கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு. "அரைச்சா கருகல் வாசனை வர்து அண்ணா. எங்கண்ணன் வாங்கிக் குடுத்தது" என்றாள். அப்பா முகர்ந்தார், ஓட்டினார், ஜார் சரியாகப் பொருந்தாமல் கப்ளரை உரசுகிறது என்று கண்டுபிடித்து வேறு கப்ளர் போட்டுக் கொடுத்தார். அடுத்த வாரமே இன்னொரு ஆரஞ்சு மிக்ஸி. அதே கம்பெனி, அதே கோளாறு, அதே வாசனை. இது மச்சான் வாங்கிக் கொடுத்ததாம். அப்புறம் இன்னொன்று. சம்பளம் நின்று போன வீடுகளுக்கு அண்ணனும் மச்சானும் போட்டி போட்டுக்கொண்டு ஒரே நிறத்தில் மிக்ஸி வாங்கித் தருகிறார்கள்!

அம்மா டீ வைக்கும்போதே முணுமுணுத்தாள். "இன்னாமோ சரியில்லிங்க." அப்பா பொருட்படுத்தவில்லை. "எங்கியோ சீப்பா போட்டு விக்கிறான்மே, அல்லாரும் வாங்குறாங்க" என்றார். கடைக்குப் போய் ஒரு பை நிறைய கப்ளர் வாங்கி வந்து, இரண்டைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். போகிற இடத்தில் யாருக்காவது உதவுமாம்.

உடைத்துச் சொன்னது ஒரு குழந்தை. அம்மாவோடு மிக்ஸி எடுத்து வந்த ஒரு பொடிசு, அப்பா திருகுவதைப் பார்த்துக்கொண்டே பெருமையாக, "கம்பெனில குடுத்தாங்க தாத்தா, அப்பா சைன் போட்டாரு, மிக்ஸி குடுத்தாங்க" என்றது. அதன் தாய் வாயைப் பொத்துவதற்குள் முழுதும் வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டவர்களுக்கெல்லாம் நினைவுப் பரிசு! எந்த மேதாவிக்குத் தோன்றிய யோசனையோ. கற்பூரம் அடித்த கையால் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, பகலில் வந்து பந்தலில் கோஷமும் போட்டிருக்கிறார்கள். அதைவிடக் கொடுமை, அந்த மிக்ஸி கெட்டதும் பழக்கதோஷத்தில் எங்கள் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்தார்கள். மிக்ஸி கருகினால் மணி வீட்டுக்குப் போகவேண்டும் என்பது அவர்களுக்குக் கை கால் மாதிரி ஆகிவிட்டது. யாரை ஏமாற்றினார்களோ அவரிடமே ரிப்பேருக்கு வந்து நின்றார்கள். இப்படி ஒரு துரோகத்தை வேறு எந்த ஊரிலாவது பார்த்திருக்கிறீர்களா?

அப்பா அந்த மிக்ஸியையும் முடித்துத்தான் கொடுத்தார். நான் இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை.

தாசு மாமா விஷயம் தெரிந்து கொதித்துப் போனார். எங்கள் கூடத்தில் நின்று கத்தினார். "துரோகிப் பசங்க! அவனுங்க மிக்ஸிய நீ இன்னாத்துக்கு மாமு தொட்ற? தூக்கி ரோட்ல கடாசு!" எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. அப்பா சொல்ல வேண்டியதை அவர் சொல்லிவிட்டார். போகும்போது என் தலையில் கைவைத்து, "நாங்க ரெண்டு பேரு கீறோம் பாப்பா" என்றார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை. எனக்கு அரைநாள் வேலை. அப்பா அலுவலக வாசலுக்கு வந்திருந்தார். மிச்சமிருப்பவர்கள் திங்கட்கிழமை தொழிலாளர் அதிகாரியைப் பார்க்கப் போவதாக ஏற்பாடு. தாசுவிடம் சொல்லிவிட்டு வரலாம் என்றார். நடந்தே போனோம். மாமா வீட்டு வாசலில் நட்சத்திரம் கட்டியிருந்தார்கள். மாமா பெரிய சத்தத்தோடு வரவேற்று, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அப்பா திங்கட்கிழமை விவரத்தை ஆரம்பித்தார். உள்ளே லில்லி அத்தை எதையோ அரைக்கும் சத்தம். நாங்கள் வந்தது அவளுக்குத் தெரியாது.

முதலில் அந்த வாசனை என் மூக்கில்தான் பட்டது. நான் அப்பாவைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அப்பா பேசிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் நின்றது. மாமா அவசரமாக, "அதிகாரி இன்னா சொல்வான்ற?" என்று குரலை உயர்த்தினார். வாசனை இன்னும் ஏறியது. "லில்லி! நிறுத்துமே!" என்று கத்தினார். அதற்குள் அப்பா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். நானும் பின்னாலேயே போனேன்.

ஜன்னல் ஓரமாக இருந்தது. ஆரஞ்சு.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மற்றவர்கள் முட்டாள்கள், எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மாமா மட்டும் கொண்டுவரவில்லை, ஏனென்றால் அப்பாவின் மூக்கு அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். கருகினாலும் பரவாயில்லை என்று அதிலேயே அரைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் கூடத்தில் நின்று கத்திய அன்றும் இது இங்கே இருந்திருக்கிறது.

"ஸ்க்ரூட்ரைவர் எங்க கீது?" என்றார் அப்பா. லில்லி அத்தை எடுத்துக் கொடுத்தாள். மிக்ஸியைக் கவிழ்த்து, மோட்டார் தண்டை அடியில் ஸ்க்ரூட்ரைவரால் சுற்றவிடாமல் பிடித்துக்கொண்டு, தேய்ந்த கப்ளரைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து புதியதை எடுத்து மாட்டினார். ஓட்டிக் காட்டினார். "இனிமே வாசன வராது" என்றார். மாமா கதவைப் பிடித்துக்கொண்டு, "மாமு, பெரியவள கட்டிக் குடுக்கணும்..." என்று ஆரம்பித்தார். கட்டிக்கொடுக்க வேண்டிய பெண் ஒருத்தி இங்கேயும் நின்றுகொண்டிருந்தாள். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

பஸ் ஸ்டாப்பில் அப்பா ஒன்றே ஒன்று சொன்னார். "என்னாண்ட சொல்ட்டு சைன் போட்டுருக்கலாம்மா. நான் இன்னா வேணான்னா சொல்லிருப்பேன்?"

அதற்குப் பிறகு என்ன, பந்தலைப் பிரித்தார்கள். அப்பா கடைசி ஆட்களில் ஒருவராகப் போய்க் கையெழுத்துப் போட்டார். மிக்ஸி ஸ்டாக் தீர்ந்துவிட்டதாம், அவருக்குக் கிடைக்கவில்லை. இதைச் சொல்லி வீட்டில் எல்லோரும் சிரித்தோம், அவர் உள்பட. அந்த மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அப்பா அதன்பின் யாருடைய மிக்ஸியையும் தொடவில்லை. யாராவது கொண்டுவந்தால், "மூக்கு அடச்சிகினு கீதுப்பா" என்பார்.

அப்பா இறந்துபோனபோது லில்லி அத்தை மட்டும் வந்தாள். மாமா தெருமுனை வரை வந்துவிட்டு நின்றுவிட்டாராம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கப்பா போட்ட கப்ளர் இன்னும் ஓடுதும்மா. உங்க மாமா வூட்ல இருந்தா மட்டும் அந்த மிக்ஸிய போட வுட மாட்டாரு" என்றாள். எனக்கு மனம் இளகவில்லை. கையை உருவிக்கொண்டேன்.

இப்போது அந்த இடத்தில் கன்டெய்னர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். கேட்டும் இல்லை, பொட்டு வைத்த பூட்டும் இல்லை. நம் ஜனங்கள் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வதையும் நான் அதன்பின் பார்க்கவில்லை. செய்தால் நம்புவேனா என்பதும் சந்தேகம்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு கடை ஏறி இறங்கி ஒரு கப்ளர் வாங்கி வந்தேன். யாரும் வாங்குவதில்லை, தூக்கிப் போட்டுவிடுகிறார்கள் என்றார் கடைக்காரர். நானே மாட்டி ஓட்டினேன். வாசனை இல்லை. மகள் எட்டிப் பார்த்து, "சூப்பர்மா, யாரு சொல்லிக் குடுத்தா?" என்றாள். தாசு மாமா வீட்டுச் சமையலறையில் பார்த்துக் கற்றுக்கொண்டேன் என்றேன்.

"அது யாரு?" என்றாள். ஒரு காலத்தில் எங்கள் டிபன் கேரியரின் கீழடுக்கு அவர் வீட்டுடையது என்று எப்படிச் சொல்வது. யாருமில்லை, போய்த் தட்டு வை என்றேன்.