நடக்க விடாத ஊர்

டாக்டர் மூன்று மாதம் தவணை தந்தார். அதற்குள் சுகர் இறங்காவிட்டால் தினமும் ஊசி. நான் ஊசிக்குப் பயந்தவன். நர்ஸ் பஞ்சை நனைக்கும்போதே ஒருமுறை கட்டிலில் சரிந்திருக்கிறேன். "காலையில் அரை மணி நேரம் நடந்தால் போதும்" என்றார் டாக்டர். ப்பூ, இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

வீட்டிலிருந்து கொட்டாரத்தில் இருக்கும் என் உரக்கடைக்கு வயலோரமாக நேர் ரோடு, தினமும் என் பைக்கில் போகிற ரோடுதான். முதல் நாள் நூறடி நடந்திருக்க மாட்டேன், பைக் ஒன்று நின்றது.

"என்னண்ணே, வண்டி கேடாயிட்டா? ஏறுங்க."

"இல்ல தம்பி, சும்மா நடக்கேன்."

"சும்மா எதுக்கு நடக்கிய? ஏறுங்கண்ணே."

எங்கள் பக்கத்தில் தெரிந்த மனிதனை நடக்க விட்டுவிட்டு வண்டியில் போனால் மரியாதைக் கேடு. கூப்பிட்டும் ஏறாவிட்டால் பகை. ஏறினேன். ஐந்து நிமிடத்தில் கடை வந்துவிட்டது. டீயும் பழபஜ்ஜியும் வாங்கித் தந்துவிட்டுத்தான் போனான்.

மறுநாள் மூன்று பைக், ஒரு பால் வண்டி, ஒரு டிராக்டர். டிராக்டர்காரரிடம் மட்டும் கண்டிப்பாக மறுத்தேன். சாயங்காலம் அவர் சம்சாரம் என் மனைவியிடம் வந்து, "எக்கா, எங்க மேல என்ன கோவம்?" என்று கண்கலங்கிவிட்டாள். சமாதானத்துக்காக அடுத்த ஒரு வாரம் டிராக்டரிலேயே போனேன்.

"நடக்கதுக்குக்கூடவா ஒரு மனுசனுக்குத் துப்பு இருக்காது!" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் காவி வேட்டி யோசனை வந்தது. மண்டைக்காட்டுக் கோயில் அம்மைக்கு நேர்ச்சை, நாற்பத்தொரு நாள் வண்டி ஏறமாட்டேன் என்று அறிவித்தேன். பிரமாதம்! ஒருவரும் வண்டியை நிறுத்தவில்லை. செருப்பில்லாமல் ராஜநடை. ஆனால் வாசலுக்கு வாசல் பெண்கள் செம்போடு நின்றார்கள். "அம்மைக்கு நடக்குத மனுசனல்லவா, குடிங்க." கருப்பட்டி கரைத்த பானகம். அதை வேண்டாமென்றால் அம்மையையே வேண்டாமென்றதாகிவிடும். கடை போய்ச் சேர்வதற்குள் ஆறு செம்பு.

இரண்டாம் மாதம் டாக்டர் ரிசல்ட்டையும் என் வேட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நடந்தீங்களா?"

"நடந்தேன் டாக்டர்."

"எங்கே, சர்க்கரை ஆலைக்கா?"

இன்னும் ஒரே மாதம். நேர்ச்சை முடிந்த அன்று மனைவிதான் சொன்னாள்: "நாளைக்கு எங்கூட வாங்க." அவள் தையல் டீச்சர். தினமும் காலை ஏழரைக்குக் கிளம்பி, என் கடைக்கு எதிர்த்திசையில் அரை மணி நேரம் நடந்து பஸ் பிடிப்பாள். கூடப் போனேன்.

என்ன அதிசயம்! ஒரு வண்டியும் நிற்கவில்லை. அந்த ரோட்டில் ஓடுவது பைக்குகள்தான்; வேகத்தைக் குறைத்தன, எங்கள் இரண்டு பேரையும் பார்த்தன, தலையை ஆட்டிவிட்டுப் போயின. தினமும் இதே கதை. மூன்றாம் மாதம் சுகர் இறங்கியது. ஊசி தப்பியது. அந்த நர்ஸைக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் நடக்கும்போது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மனைவிக்கு விளக்கினேன்.

"நான் ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன், பாத்துக்க. பைக்குல ரெண்டு பேரை ஏத்த முடியாது. பொண்டாட்டிய ரோட்டுல விட்டுட்டு புருசனை மட்டும் ஏத்துனா அசிங்கம். பொம்பளைய மட்டும் ஏறச் சொல்ல ஒருத்தனுக்கும் தைரியம் வராது. அப்போ பொம்பள கூட நடந்தா ஒரு வண்டியும் நிக்காது!"

"பெரிய கண்டுபிடிப்பு" என்றாள். "இருவத்திரெண்டு வருசமா நடக்கேன். மழைக்கும் ஒரு வண்டி நின்னதில்ல, வெயிலுக்கும் நின்னதில்ல. நம்ம வண்டியும் சேத்துத்தான்."

என் கடை எதிர்ப்பக்கம் அல்லவா என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கிளம்புவது ஏழரைக்கு, கடை திறப்பது ஒன்பது மணிக்கு. அவள் தோளில் கிடந்த பையை வாங்கினேன். நல்ல கனம்.